கப்பல் விட்ட அரசாங்கம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் அக்காவின் புருஷனுடைய அகதி வழக்கு கனடாவில், ரொறன்ரோவில் விசாரணைக்கு வந்தது. லோயர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: "சண்டை வடக்கில்தானே, கொழும்பில் போய் இரு என்பார்கள். கொழும்பில் உன் கடையை எரித்ததைச் சொல். அது போதும்."

அத்தானுக்கு அதைச் சொல்லத் தெரியாமல் இல்லை. எண்பத்து மூன்றில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்த அன்று அவருடைய சாப்பாட்டுக் கடையில் நானும் நின்றேன். எதிர்ப்பக்கம் பொலிஸ் ஜீப் நின்றது. கும்பல் கதவை உடைத்தபோது ஜீப்பில் இருந்தவர்கள் எங்கள் கடைச் சோடாவைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். கூரை விழுந்த பிறகு ஊரடங்குச் சட்டம் போட்டார்கள்.

விசாரணை அதிகாரி கேட்டார்: "பொலிஸ் உங்களுக்கு உதவியதா?"

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்க முன்னமே அத்தான் எழும்பி நின்றுவிட்டார்.

"ஓம் சேர். ஜீப்பிலை ஏத்தி முகாமிலை விட்டவை. சாப்பாடு தந்தவை. பிறகு கப்பல் விட்டு வடக்கிலை ஊருக்கு அனுப்பினவை."

"கடையை எரித்தது?" லோயர் அவசரமாகக் குறுக்கே விழுந்தார்.

"அது காடையர் கும்பல் சேர். அரசாங்கத்திலை பிழையில்லை."

லோயர் பேனையை மேசையில் போட்டார். பின்வரிசையில் இருந்த எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

நாங்கள் குடியிருந்த வோபர்னுக்குத் திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்: "அத்தான், உங்களுக்கு விசரே? ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"அவன் அரசாங்க ஆளெல்லே மச்சான்? அவனிட்டை அரசாங்கத்தைக் குறை சொல்லலாமே?"

"அது வேறை அரசாங்கம்!"

"ரெண்டும் போனிலை கதைக்குங்கள். நீ சும்மா இரு."

வருடக்கணக்காக ஊர்ச் செக்பொயின்ற்களில் நாங்கள் படித்த பாடம் இது. மேசைக்குப் பின்னால் இருப்பவனிடம் அரசாங்கத்தைப் புகழ வேண்டும். அங்கே அது உயிரைக் காப்பாற்றியது. இங்கே அவரைக் கவிழ்த்தது.

எனக்குப் பெரிய அரசியல் தெரியாது. ஆனால் கலவரம் வந்தால் அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். முதல் கல் விழும்போது வந்து நிற்க வேண்டும். எரிக்கிறவனைப் பிடித்துக் கோர்ட்டில் ஏற்ற வேண்டும். பார்த்துக்கொண்டு நின்ற பொலிஸ்காரனையும் அதே கூண்டில் ஏற்ற வேண்டும். இதில் ஒன்றையும் செய்யாமல், வீடு சாம்பலான பிறகு சோறு போட்டுக் கப்பலில் ஏற்றுவது பாதுகாப்பு இல்லை. அது துரத்துவது. சனத்தை அதன் நாட்டுத் தலைநகரிலிருந்தே துரத்திவிட்டு, அதற்கு நன்றியும் வாங்கிக்கொள்கிற வேலை.

வசந்தத்தில் கடிதம் வந்தது. அத்தானின் அப்பார்ட்மென்ற் சமையலறையில் நான்தான் வாசித்துச் சொன்னேன். கொழும்பில் அரசு இவருக்கு வாகனம், தங்குமிடம், உணவு, கப்பல் எல்லாம் கொடுத்துப் பாதுகாத்திருக்கிறது. ஆகவே கொழும்பில் போய் இருக்கலாம். வழக்குத் தள்ளுபடி.

அக்கா அடுப்பை நிற்பாட்டிவிட்டு அறைக்குள் போனாள்.

அத்தான் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாப்பாடு தந்ததெண்டும் எழுதியிருக்கிறாங்களோ?"

"ஓம்."

"மூண்டு நாளிலை ஒரு நேரம்தான் தந்தவங்கள், மச்சான். அதுவும் புளிச்ச சோறு."

"உதை அங்கை சொல்லியிருக்கலாமே அத்தான்!"

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெல்லக் கதை. அடுத்த வீட்டுக்குக் கேக்கும்."