நீளக்கட்டைக்கு ஒரு வாங்க

கோவையிலிருந்து காங்கேயம் போகும் பேருந்தில் அந்த அம்மா என் பக்கத்து இருக்கையில் இருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் பிரிக் கேம் என்ற சின்ன விளையாட்டுக் கருவி. கணினி படித்துக்கொண்டிருந்த நான், வீடியோ கேம்களின் போக்கை மாற்றியவற்றில் முதலிடத்தை அதிலிருந்த கட்டை அடுக்கும் ஆட்டத்துக்குத்தான் கொடுத்திருந்தேன். கதையில்லை, வீரனில்லை, சண்டையில்லை. விழும் கட்டைகளை இடைவெளியில்லாமல் அடுக்கினால் போதும் என்பதால் யாரும் ஆடலாம்.

விழுந்த ஒவ்வொரு கட்டையையும் அவர் "வாங்க" என்று வரவேற்றார். கோணல் கட்டைக்கும் அதே மரியாதை.

"அதுக்குக் காது கேக்குமாங்க?" என்றேன்.

"ஆரு வந்தாலும் வாங்கன்னுதானே கண்ணு சொல்லோணும்? சித்த பேசாம இரு. எங்கூட்டுக்காரரு ஸ்கோரை இன்னிக்குத் தாண்டிப்போடோணும்."

கட்டைகள் உச்சிவரை ஏறிவிட்டன. ஓரத்தில் மட்டும் நான்கு வரிசை ஆழத்துக்கு ஒடுங்கிய ஒரு சந்து. அதற்குள் காங்கேயமும் வந்துவிட்டது.

"ஏனுங்க அம்மணி, எறங்கலீங்களா?" என்றார் நடத்துனர்.

அவர் நிமிரவில்லை. நீளக்கட்டை ஒன்று இறங்கியது.

"வாங்க, வாங்க. உங்களுக்குத்தானுங்க எடம் வெச்சிருக்கறேன்."

நான்கு வரிசைகளும் ஒன்றாக மறைந்தன. கணவரின் ஸ்கோரைத் தாண்டிய திரையை எனக்கும் நடத்துனருக்கும் காட்டிவிட்டு இறங்கிப் போனார்.

உலகமே ஆடிய ஆட்டம்தான். ஆனால் அதன் கட்டைகளுக்கு எங்கள் ஊரில் கிடைத்த மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்காது.