கனடாவின் எல்லையை நான் காத்த கதை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, துப்பாக்கி கொண்டுவந்த ஓர் ஆளை நான் கனடாவுக்குள் விட்டுவிட்டேன்.

பதறாதீர்கள். எல்லாம் ஸ்கார்பரோவில் ஒரு வகுப்பறைக்குள்தான்!

வேலை செய்த அலுவலகத்தைத் திடீரென்று மூடிவிட்டார்கள். ஐம்பது தாண்டிய எனக்கு யார் வேலை தருவார்கள்? தேடித் தேடி, 'ஹோம்லாண்ட் செக்யூரிற்றி' அடிப்படைச் சான்றிதழ் வகுப்பில் சேர்ந்தேன். விமான நிலையத்தையும் எல்லையையும் காப்பது எப்படி என்ற படிப்பு. பாஸானால் பாதுகாப்பு வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஹோம்லாண்டோ? நீர் எந்த ஹோம்லாண்டைக் காக்கப் போறீர்?"

நல்ல கேள்வி. பாடப் புத்தகத்தில் பதில் இல்லை.

எழுத்துப் பரீட்சைகளைச் சமாளித்துவிட்டேன். செய்முறைதான் சிக்கல். அன்று நான் எல்லை அதிகாரி, ஆசிரியர் பயணி. "அதிகாரிகளிடம் அறிவிக்க வேண்டிய பொருள் ஏதாவது கொண்டுவந்தீர்களா?" என்று கேட்டேன். "இல்லை" என்றார். "தேங்க் யூ சேர்" என்று வழிவிட்டேன்.

அவர் பையைத் திறந்து காட்டினார். உள்ளே பிளாஸ்ரிக் துப்பாக்கி! வகுப்பே சிரித்தது. "அடுத்த கிழமை இறுதித் தேர்வு. அதிலும் இப்படி விட்டால் சான்றிதழ் இல்லை" என்றார்.

ஏன் விட்டேன்? அந்த மேசைக்கு மறுபக்கம் நின்றவள் நான். அகதியாக வந்திறங்கிய அன்று, அவர்கள் கேட்ட கேட்டில் என் பிறந்த திகதியையே பிழையாகச் சொன்னேன். இன்னொருவரை அப்படி நிற்கவைக்க... மனம் வரவில்லை.

இடைவேளையில் இதை வத்சலாவிடம் சொன்னேன். என்னோடு படிக்கிற மட்டக்களப்புக்காரி. மோர்னிங்சைட்டிலிருந்து பஸ்ஸில் வருபவள்.

"என்னக்கா, உங்களுக்கா கேள்வி கேக்கத் தெரியாது?" என்று சிரித்தாள். "முதல் நாள் ஒரு கோப்பி குடிச்சு முடியிறதுக்குள்ள என்ட ஊர், அப்பாட பேர், மனிசன்ட வேலை எல்லாத்தையும் எடுத்திட்டீங்களே! நான் பயந்தனா? சந்தோசமாத்தானே சொன்னன். அப்பிடியே கேளுங்க."

அது விசாரணை என்று எனக்கே தெரியாது!

தேர்வு நாள். பயணியாக நடிக்க ஓர் இளம்பெண்ணை வெளியிலிருந்து அழைத்திருந்தார்கள். கசினின் கல்யாணத்துக்குப் போய்வருகிறேன் என்றாள்.

கல்யாணமா? எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

பெண் வீடா, மாப்பிள்ளை வீடா? மாப்பிள்ளைக்கு என்ன வேலை? என்ன சாப்பாடு போட்டார்கள்? சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள். முதலில் டாக்டராக இருந்த மாப்பிள்ளை, சாப்பாட்டுக் கதை முடிவதற்குள் எஞ்சினியர் ஆகிவிட்டார். மணப்பெண்ணின் பெயரைக் கேட்டேன் — முழித்தாள். பையைத் திறக்கச் சொன்னேன். உடுப்புகளுக்கு அடியில் துப்பாக்கி!

பின்வரிசையில் வத்சலா கைதட்டினாள்.

ஆசிரியருக்கு ஒரே ஆச்சரியம். "இப்படிக் கேட்க எங்கே பழகினீர்கள்?"

"அஜின்கோர்ட்டில், எங்கள் ஆட்களின் கல்யாண ஹோல்களில்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், மிரட்டிக் கேட்டால் உண்மை சொல்பவருக்கே நாக்குக் குளறுகிறது. அக்கறையாகக் கேட்டால்... பொய் சொல்பவர்தான் தடுமாறுகிறார்.

பாஸாகிவிட்டேன். ஆனால் ஒரு கேள்விக்குப் புள்ளியை வெட்டிவிட்டார்கள். பையைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பெண்ணிடம், "உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று கேட்டுத் தொலைத்தேன். 'பாதுகாப்புக்குத் தொடர்பில்லாத கேள்வி' என்று எழுதியிருந்தார்கள்.

தொடர்பில்லையாமே! முப்பத்துமூன்று வயதாகியும் பெண் அமையாத மகனோடு என் அக்கா படும் பாட்டை அவர்கள் எங்கே கண்டார்கள்?