தம்பிக்கு ஒரு கட்டம் போட்ட சட்டை

காலர்க்காரரிடம் சட்டை தைக்கக் கொடுப்பதென்றால், கொஞ்சம் பேச்சு வாங்கிக்கொள்ளத் தயாராகப் போக வேண்டும். நீங்கள் ஆசையாய் வாங்கிக்கொண்டு போன துணியை முதலில் உள்ளங்கையில் வைத்துக் கசக்குவார். கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடித்துவிட்டு விரிப்பார். சுருக்கம் அப்படியே நின்றால், "இதைத் தலகாணிக்குப் போடுங்க, நல்லா இருக்கும்" என்று மேசையில் தள்ளிவிடுவார். நிற்கவில்லையென்றால் வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். தெருவில் போகிறவரின் மூக்கு துணி வழியே தெரிந்தால் அதுவும் ஆகாது. இத்தனையையும் தாண்டி வந்த துணிக்குத்தான் டேப்பை எடுப்பார்.

அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டை அவர் தைப்பதில்லை. லீவு நாள் சட்டை மட்டும்தான். சாயங்காலம் காலாற நடக்க, சிநேகிதன் வீட்டில் சீட்டாட, சும்மா ஜன்னலோரம் உட்கார. "ஆபீஸ் சட்டையில எல்லாரும் ஒரே ஆளு. லீவு நாள்லதான் ஒருத்தன் அவனா இருக்கான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கேட்கிறவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

இவ்வளவு பேசுகிற மனிதர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அளவெடுக்கும்போது உடம்பில் தெரிகிற குறையைப் பற்றி ஒரு சொல் வராது. தொப்பைக்காரருக்கு மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய கோடு. கழுத்தே இல்லாதவருக்குத் தாழ்ந்த காலர். கூன் விழுந்தவருக்கு முதுகில் கொஞ்சம் கூடுதல் துணி, பொடிப்பூ போட்டது. ஏன் என்று கேட்டால், "இதான் உங்களுக்கு எடுப்பா இருக்கும்" என்பதோடு சரி. குறையைக் கத்தரிக்கோல்தான் கவனிக்க வேண்டும், வாய் கவனிக்கக்கூடாது என்பது அவர் தொழில் ஒழுங்கு. வாடிக்கையாளர் கண்ணாடியில் தன்னைப் பார்த்து, பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். அதில் தப்பென்ன இருக்கிறது?

தம்பி விஷயத்தில்தான் இருந்தது.

தம்பி அவரைவிடப் பதினோரு வயது இளையவர். சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்து, அது கோணலாகவே கூடிவிட்டது. அதிலிருந்து இடது தோள் வலதைவிடத் தாழ்ந்து நிற்கும். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறார், ஃப்ரேம் வளைந்தால் நிமிர்த்திக் கொடுக்கிறார். கல்யாணம் ஆகவில்லை. கடைக்கு மேலே அண்ணன் வீட்டிலேயே ஓர் அறையில் இருக்கிறார். அம்மா போன பிறகு அவருக்குச் சட்டை என்றால் அண்ணன்தான். ஆழ்ந்த நீலம், அல்லது சாம்பல், அல்லது கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சை. எல்லாம் ஒற்றை நிறம். கோடு கிடையாது, கட்டம் கிடையாது. இரண்டு முனையிலும் பட்டன் வைத்து இழுத்துப் பிடித்த காலர். அந்தக் காலர் அப்படி இப்படி அசையாது, தோள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது நேராக நிற்கும்.

ஒரு வியாழக்கிழமை தம்பி வேலை முடிந்து வந்தவர், மாடிக்குப் போகாமல் நேராகக் கடைக்குள் நுழைந்தார். அலமாரியைத் துழாவி ஒரு துணியை உருவினார். வெள்ளையில் சிவப்பும் நீலமுமாகப் பெரிய கட்டம். சாப்பாட்டு மேசை விரிப்பில் இருக்கிற அளவுக்குக் கட்டம்.

"அண்ணா, எனக்கு இதுல ஒண்ணு தச்சுக் குடு. ஞாயித்துக்கிழமைக்கு வேணும்."

"இதுலயா? உனக்கா? ஏன், கோமாளி வேஷம் எதுனா போடுறியா?"

"காலர் இந்த மாதிரி." செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். மேல் பட்டன் இல்லாமல் மார்பில் விரிந்து படுத்திருக்கும் காலர்.

பட்டன் துளைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த அண்ணி தலையை நிமிர்த்தினாள். "ஞாயித்துக்கிழமை என்ன விசேஷம் தம்பி?"

தம்பி காதுவரை சிவந்துபோனார். விஷயம் மெதுவாக வெளியே வந்தது. ஒரு பெண். நகராட்சி நூலகத்தில் வேலை. கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிடும் பழக்கம் அந்தப் பெண்ணுக்கு. ஃப்ரேமை நிமிர்த்திக்கொண்டு போக அடிக்கடி கடைக்கு வருவார். போன தடவை கண்ணாடியைப் போட்டுப் பார்த்தவர், "இது என்ன, உங்களுக்கு ஒரே சட்டைதானா?" என்று கேட்டாராம். அப்படியே பேச்சு வளர்ந்து, ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் தேநீர் குடிக்கலாம் என்பதில் போய் நின்றிருக்கிறது.

அண்ணிக்கு வாயெல்லாம் பல். காலர்க்காரர் அந்தத் துணியையே பார்த்தார். தம்பிக்கு இப்படியொன்று அமையாதா என்று எத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். அமைகிற நேரத்தில் இந்தக் கட்டத்தைப் போட்டுக்கொண்டு போய் நின்றால்? ஒவ்வொரு குறுக்குக் கோடும் இடது பக்கம் சரிந்து, இதோ பார், இதோ பார் என்று காட்டிக்கொடுக்குமே. விரிந்த காலர் ஒரு பக்கம் தூக்கும், ஒரு பக்கம் தொங்கும். அந்தப் பெண் என்ன நினைப்பாள்?

இதை அவர் சொல்லவில்லை. "உனக்குக் கட்டம் எடுக்காதுடா. நல்ல லினன் வந்திருக்கு, சாம்பல் கலர், கையில புடிச்சுப் பாரு" என்றார்.

"எனக்கு இதான் வேணும்."

"பொடிக் கட்டமாவது எடு."

"அண்ணா, அதைத் தள்ளி நின்னு பாத்தா ஒரே கலராத்தான் தெரியும். இதுதான் கட்டம்."

காலர்க்காரர் துணியை வாங்கிக் கசக்கினார். சுருக்கம் நிற்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்தார். மூக்கு தெரியவில்லை. பாழாய்ப்போன துணியில் ஒரு பழுதும் இல்லை. "சரி, தரேன் போ" என்றார். அவர் இவ்வளவு சுலபத்தில் மசிந்தது அண்ணிக்குச் சரியாகப் படவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கட்டத்தோடு மல்லுக்கட்டினார். முன்பக்கம் இரண்டும் சேரும் இடத்தில் கோடு பிசகக்கூடாது, பாக்கெட் இருக்கிற இடமே தெரியக்கூடாது, கைக்குள் போகிற கட்டம் மார்பில் போகிற கட்டத்தோடு ஒட்டிப் போக வேண்டும். எல்லாம் சேர்த்தார். கடைசியில், தோள்மேல் வரும் இரட்டைத் துணிப் பட்டிக்கு நடுவில், இடது பக்கம் மட்டும், ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் சீவி மெல்லிசாக்கி வைத்துத் தைத்தார். தொட்டாலும் தெரியாது.

"அவருக்குத் தெரியுமா இது?" என்றாள் அண்ணி.

"எதுக்குத் தெரியணும்? தொப்பைக்காரன்கிட்ட உன் தொப்பைக்குத்தான் கோடுன்னு சொல்லிட்டா தைக்கிறேன்?"

"அவங்கெல்லாம் வாடிக்கை. இவர் உங்க கூடப் பொறந்தவரு."

"அதனாலதான் சொல்லல. உன் வேலையப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை சட்டையைப் போட்டுக்கொண்டு தம்பி கண்ணாடி முன் நின்றபோது, குறுக்குக் கோடெல்லாம் மட்டப்பலகை வைத்து வரைந்ததுபோல் இருந்தது. தம்பி இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். "கட்டம் எடுக்காதுன்னியே" என்று சிரித்தார். காலர்க்காரரும் சிரித்தார். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது அவருக்கு. தம்பி தெருமுனை திரும்புகிறவரை வாசலிலேயே நின்றார்.

நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது.

தம்பி திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. சட்டை காய்ந்து, மேலெல்லாம் சுருங்கிக் கிடந்தது. இடது தோள் மட்டும் தண்ணீரைக் குடித்து உப்பியிருந்தது. அந்தப் பக்கம் கை முழுக்க ஈரக் கோடு. கடைக்குள் வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"நல்லா நனைஞ்சிட்டோம். தேநீர்க் கடைத் தாழ்வாரத்துல நின்னோம். எல்லாம் காஞ்சிடுச்சு, இங்க மட்டும் சொட்டிட்டே இருந்துச்சு. அவங்க என்னான்னு விரலால அமுக்கினாங்க. தண்ணி பீச்சி அவங்க கண்ணாடியிலேயே அடிச்சுது."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிச்சாங்களா?" என்றார் காலர்க்காரர்.

"விழுந்து விழுந்து. உள்ள என்ன வெச்சிருக்கீங்கன்னு கேட்டாங்க. எனக்கே தெரியல, என்னன்னு சொல்றது?" தம்பி தோளைத் தடவினார். "அப்புறம் அவங்களே புரிஞ்சுக்கிட்டாங்க. 'தோளுக்கா? அத நான் மொத நாளே பாத்தேனே. கண்ணாடிய என் மூஞ்சியில நேராக்க நீங்க சாஞ்சு நிக்கிறதப் பாத்துத்தான் திரும்பத் திரும்ப வந்தேன்'னாங்க."

காலர்க்காரருக்கு மூச்சு வந்தது. "அப்போ ஒண்ணும் கெட்டுப்போகலையே!"

"அங்க ஒண்ணும் கெட்டுப்போகல." தம்பி அண்ணனையே பார்த்தார். "மத்த சட்டையிலயும் வெச்சிருக்கியா?"

"சேச்சே. அதுலெல்லாம் ஸ்பாஞ்ச் இல்ல."

"பின்ன?"

"அதுல... வெட்டுலயே சரி பண்ணிடுவேன். இடது தோள் கொஞ்சம் எறக்கி. அந்தப் பக்கம் கையக் குறைச்சு. பாக்கெட்ட ஒரு நூல் ஏத்தி."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"அப்போ எனக்கு என் தோள் எப்படி இருக்கும்னே தெரியாது" என்றார் தம்பி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "வெத்துடம்பா நிக்கிறப்பதான் பாத்திருக்கேன். சட்டைக்குள்ள எப்படி இருக்கும்னு உனக்குத்தான் தெரியும். நீ இவ்வளவு பாடுபட்டு மறைக்கிறேன்னா அது எவ்வளவு மோசமா இருக்கணும்."

காலர்க்காரருக்கு அவமானமாக இருந்தது. எத்தனையோ பேருக்குக் குறையைச் சொல்லாமல் மறைத்துக் கொடுத்த பெருமை அத்தனையும் அந்த ஒரு முக்காலிக்கு முன்னால் நிற்க மாட்டாமல் போயிற்று.

"அதே துணி மிச்சமிருக்கா?"

"இருக்கு."

"எல்லாருக்கும் வெட்டுற மாதிரி ஒண்ணு வெட்டு. ரெண்டு தோளும் ஒண்ணா. உள்ள ஒண்ணும் வைக்காம."

வெட்டினார். இரண்டு பக்கமும் ஒரே அளவில் சாக்பீஸால் கோடு போடும்போது, பழக்கத்தில் கை தானாக இடது பக்கம் இறங்கியது. இரண்டு முறை அழித்துப் போட்டார். அண்ணி பார்த்தும் பார்க்காததுபோல் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு தம்பி அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் வந்தார். குறுக்குக் கோடுகள் இடது பக்கம் சரிந்து இறங்கின. காலர் ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கியது. அக்குளுக்குக் கீழே ஒரு மடிப்பு விழுந்தது. காலர்க்காரரின் கை தானாக நீண்டு அதை இழுத்துவிடப் போயிற்று. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தம்பி வெகுநேரம் பார்த்தார். நேராக நின்று, பக்கவாட்டில் நின்று, மறுபடி நேராக நின்று.

"இவ்வளவுதானாண்ணா?" என்றார்.

காலர்க்காரர் சரிந்த கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணிதான் ஊசியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இவ்வளவுதான் தம்பி. நேரமாகுது, கெளம்புங்க."