லாவண்யா ஏன் அழுதாள் என்று கேட்டவர்

நசீமா டீச்சர் இறந்த செய்தி கைப்பேசியில் வந்தபோது, ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தைப் பற்றிய செய்தியை மூன்றாவது முறையாகச் சுருக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் ஆண்டும் எழுதும் அதே செய்தி. அனுப்பிவிட்டு ரயிலைப் பிடித்தேன். அரக்கோணத்தில் அவர் வீட்டு வாசலில் நின்றபோதுதான், இத்தனை காலத்தில் ஒரு முறைகூட அவரைப் பேட்டி எடுக்கவில்லை என்பது உறைத்தது. கேள்விகளை எல்லாம் அவர்தான் கேட்டார்.

திருத்தணியில் ஒரு பெண்கள் பள்ளியில் அவர் கணக்கு டீச்சர். கரும்பலகையின் வலது ஓரத்தைக் காலியாக வைத்திருப்பார். அன்றைக்கு வந்த தப்புகளில் நல்ல தப்பு ஒன்று அங்கே ஏறும். யார் போட்டது என்று சொல்லமாட்டார். "அது என்னுது டீச்சர்" என்று பிள்ளைகளே எழுந்து உரிமை கொண்டாடுவார்கள். "வெறும் பேப்பர்லதான் சார் தப்பே இருக்காது" என்பார். இதை வாசிக்கும் அவருடைய பழைய மாணவிகளே, உங்களுக்கு இதெல்லாம் தெரியும்.

எனக்கு அவர் பழக்கமானது என் தப்பால். பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வன்று பள்ளி வாசலில் நிற்பது நிருபர்களின் வழக்கம். 'கஷ்டமா இருந்துதாம்மா?' என்று கேட்போம். அழுகிற பிள்ளை கிடைத்தால் படம் எடுப்போம். ஓர் ஆண்டு அப்படி அழுதுகொண்டே வந்தவள் லாவண்யா, அம்மையார்குப்பத்துப் பெண். 'கணிதம் கடினம்: மாணவிகள் கண்ணீர்' என்று படத்தோடு செய்தி வந்தது. அவளிடம் நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

தேர்வு முடிவு வந்த பிறகு ஒருநாள் டீச்சர் என் அலுவலகத்துக்கு வந்து அந்தப் பக்கத்தை மேசையில் விரித்தார்.

"இந்தப் பொண்ணு எதுக்கு அழுதா சார்?"

"கணக்கு கஷ்டம்னு..."

"அவ சொன்னாளா?"

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கெளம்புங்க. அவங்க நைனா எதிர்ல இப்பிடியே பேசாம நின்னாக்கூட போதும்."

லாவண்யா நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். பிளஸ் ஒன்னில் கணக்கு உள்ள பிரிவைக் கேட்டாள். அப்பா மறுத்துவிட்டார். மறுநாள் சேர்க்கைக்குக் கடைசி நாள்.

அம்மையார்குப்பத்தில் நாங்கள் போய் நின்றதும் விசைத்தறியை நிறுத்திவிட்டு வந்தார் அப்பா. "மார்க்கு வந்துச்சி, இல்லேன்னு சொல்லல டீச்சர். ஆனா பாப்பா பயந்து அழுதுச்சே, பேப்பர்லயே போட்டாங்களே. இன்னும் ரெண்டு வருஷம் அழுதுகினு கெடக்கணுமா?"

"நான் பயந்து அழல நைனா," என்றாள் லாவண்யா. "கரெக்டா போட்ட கணக்க சந்தேகப்பட்டு கடைசில அடிச்சிட்டேன். அதான் அழுதேன். எத்தினி வாட்டி சொல்றது? நான் சொன்னா நம்பமாட்ட. பேப்பர்காரரு சொன்னா நம்புவ."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "பயந்து அழறதும் ஆசப்பட்டு அழறதும் ஒன்னா சார்?"

தவறாக எழுதிவிட்டேன் என்றேன். அப்பா விடவில்லை. "அப்ப பேப்பர்லயே மாத்திப் போடுங்க." எங்கள் நாளிதழின் ஆசிரியர் குழு அதைப் போடாது என்று எனக்குத் தெரியும். அதையும் சொன்னேன்.

"நோட்டுத் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார் டீச்சர்.

'லாவண்யா கணக்குக்குப் பயந்து அழவில்லை. அவளைக் கேட்காமல் எழுதிவிட்டேன்.' என் தொழிலில் நான் எழுதிய மிகச் சிறிய செய்தி அது. லாவண்யாவின் அப்பா இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ஆங், நாளிக்கி சேத்துடறேன்" என்றார்.

திரும்பும் வழியில் டீச்சர் சொன்னார்: "இனிமே வாசல்ல நின்னா, எந்தக் கணக்கு புடிச்சிருந்துதுன்னு கேளுங்க."

அன்றுமுதல் கேட்டு வருகிறேன். எழுதி அனுப்புகிறேன். அச்சில் வந்ததில்லை. இந்த ஆண்டு கேட்டபோது ஒருத்தி கூம்புக் கணக்கு என்றாள். "அதுவாடி? அது மொக்க" என்றாள் இன்னொருத்தி. பையைக் கீழே போட்டுவிட்டுச் சண்டை பிடித்தார்கள். அவர்கள் ஏற வேண்டிய ஆர்.கே.பேட்டை பஸ் வந்து, நின்று, போய்விட்டது. மறுநாள் நாளிதழில் 'கணிதம் கடினம்' என்றுதான் வந்தது, வேறு ஊர்ப் பெண் ஒருத்தி அழும் படத்தோடு. அலுத்துப்போய் டீச்சருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்போதே உடம்பு முடியாமல் இருந்தார்.

"அது கெடக்கட்டும் சார்," என்றார். "பஸ்ஸ விட்டாங்கல்ல?"

என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் கொடுத்த அந்தக் கேள்விதான். அடுத்த தேர்வன்றும் வாசலில் நின்று அதைத்தான் கேட்பேன். பிள்ளைகள் சொல்லும் பதிலை யாருக்குப் போன் செய்து சொல்வது என்றுதான் தெரியவில்லை.