அட்வான்ஸாக ஒரு நேர்த்தி

கடந்த சனிக்கிழமை பின்னேரம் முழுக்க சுகந்தி என் வீட்டு டெலிபோனையே முறைத்துக்கொண்டு இருந்தாள். தேத்தண்ணீர் ஆறிப்போனது. வடை தொடாமல் அப்படியே கிடந்தது.

சுகந்தி என் சின்னம்மாவின் மகள். வீடு உடப்பு என்ற கடற்கரை ஊரில், வேலை பக்கத்து ஊரான முந்தலில் ஒரு இறால் பண்ணை ஆபீசில். அன்று காலைதான் இங்கே கொழும்பில் எம்.பி.ஏ. நுழைவுச் சோதனை எழுதிவிட்டு வந்திருந்தாள். பேப்பர் எப்படி? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கண் டெலிபோனில்தான்.

ஏன் என்று சொல்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஊருக்குப் போனபோது அவள் வீட்டு அலுமாரிக் கதவில் ஒரு டைம்டேபிளைப் பார்த்தேன். நம்மில் யார்தான் டைம்டேபிள் போடவில்லை? கலர் கலராகக் கோடு போட்டு, தள்ளி நின்று அழகு பார்த்து, அந்தக் களைப்பில் படுத்துத் தூங்கிய ஆட்கள்தானே நாம்...

இது வேறு மாதிரி. வள்ளங்கள் கரைக்கு வந்து ஒரே கூச்சலாக இருக்கும் நேரத்தில் கணக்கு. "சத்தத்துக்குள்ள கணக்குச் செய்யலாம் அக்கா. இங்கிலீஷ் வாசிக்கத்தான் ஏலாது." ராணுவச் செக்பொயின்ட்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கி வரிசையில் விடுகிறார்களே — அந்த நேரத்தில் ஆங்கிலச் சொற்கள்! "எப்படியும் நிக்கத்தானே வேணும்?" என்றாள். இவள் மனேஜ்மென்ட் படிப்பதற்குப் பதிலாகப் படிப்பிக்கவே போகலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் கோட்டை விட்டிருந்தாள்.

அம்மன் கோயில் தீமிதிப்புக்கு நேர்த்தி வைத்திருந்தாள். ஊரில் மற்றவர்கள், காரியம் நடந்தால் மிதிக்கிறேன் என்பார்கள். இவளோ, "இந்த வருஷமே மிதிக்கிறன், பாஸ் பண்ண வை தாயே" என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். அட்வான்ஸ்!

பிறகு அட்மிஷன் கார்ட் வந்தது. தீமிதிப்பும் சோதனையும் ஒரே நாளில். ஒன்று உடப்பில், ஒன்று கொழும்பில்.

"அம்மனோட விளையாடாத. சோதனை அடுத்த வருஷமும் வரும்" என்றார் சின்னம்மா.

"அடுத்த வருஷம் எண்டு ஒண்ட நம்பி இருக்கிற நாடா அம்மா இது?" என்று கேட்டு அழுதிருக்கிறாள் சுகந்தி. போனில் இதையெல்லாம் கேட்ட எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது? சோதனைக்கு நாள் குறித்தவருக்கு உடப்பில் ஒரு கோயில் இருப்பதே தெரிந்திருக்காது.

சுகந்தியின் அண்ணன் குமரன் கடலுக்குப் போகிறவன். "மனேஜர் அம்மா, இப்ப என்ன பாடம்?" என்று தங்கையைச் சீண்டுவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. அன்று சீண்டவில்லை.

"காப்ப நான் கட்டித் தீ மிதிக்கிறன். நீ போய் எழுது."

அழுதுகொண்டிருந்தவள் உட்பட வீடே சிரித்ததாம். பின்னே? தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் வெடி கொளுத்தினாலே உள்ளே ஓடுகிற ஆள்! காப்புக் கட்டினால் சாராயம் இல்லை. அதுகூடப் பரவாயில்லை, மீனும் இல்லை. குழம்பில் மீன் இல்லாவிட்டால் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைக்கிறவன் அவன்.

பூசாரியிடம் போய்க் கேட்டார்கள். "ஒரே வீட்டு நேர்த்திதானே, ஓம், செய்யலாம்" என்றார்.

குமரன் காப்புக் கட்டினான். பருப்பும் கீரையும் தின்றான். முறுமுறுத்துக்கொண்டேதான் தின்றான் என்பது சின்னம்மாவின் சாட்சியம்.

வெள்ளிக்கிழமை சுகந்தி கொழும்புக்கு பஸ் ஏறினாள். ஒவ்வொரு செக்பொயின்ட்டிலும் இறங்கி, பேக்கைத் திறந்து காட்டி, ஏறி... அவளுடைய அடையாள அட்டையை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். வெளியூர்த் தமிழர் தங்கினால் பதிய வேண்டும் என்பதால், இங்கே வந்ததும் பொலிசுக்குக் கூட்டிப்போய் பதிவு செய்தேன். ஏன் வந்தாய், எங்கே தங்குகிறாய், எப்போது போவாய்? எல்லாவற்றுக்கும் சிங்களத்தில் பொறுமையாகப் பதில் சொன்னாள். நாளைக்குச் சோதனையை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை இருக்க வேண்டிய இடமா அது?

விளக்கு வைத்த பிறகுதான் டெலிபோன் அடித்தது. சுகந்தி பாய்ந்து எடுத்தாள். பின்னால் கேட்ட மேளத்துக்கு மேலாகக் குமரன் கத்தியது எனக்கே கேட்டது.

"நான் பாஸ்! நீ?"

செக்பொயின்ட்டில் அழாதவள், பொலிசில் அழாதவள், ரிசீவரைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். நானும் அழுதேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

"நல்லா எழுதினன் அண்ணா... கால் எப்பிடி?"

"கால் இருக்கு. நாளைக்கு மீன் குழம்பு!"

ஒருவர் படிக்க, வீட்டில் இன்னொருவர் எதையோ விட்டுக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. பாஸ் பண்ணினால் படம் பிடிப்பது மட்டும் படித்தவரைத்தான்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை. நானும் அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்திருக்கிறேன் — அட்வான்ஸ் மட்டும் கிடையாது.