சேலையூரில் விமானப்படை நாள் ஒத்திகை

படப்பைக்குப் போகும் வழியில், சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு தள்ளுவண்டிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருக்கிறேன். தலைக்கு மேல் காது கிழியப் போர் விமானம் ஒன்று பறக்கிறது. ஐம்பது வயசு உடம்பு, என்னைக் கேட்காமலே பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிடுகிறது. சட்டையெல்லாம் சாம்பார்.

“இன்னா சார், சண்டை வந்துடுச்சா?” கடைக்கார அக்கா குலுங்கிச் சிரிக்கிறார். “விமானப்படை நாள் வருதில்ல, ஒத்திகை பாத்துகினு கீறாங்க.”

விழுந்த மூக்குக்கண்ணாடியைத் தேடியதாகப் பாவனை செய்தபடி எழுகிறேன். போன மானத்தை மீட்கப் பிரசங்கம்தான் ஒரே வழி.

“வெள்ளைக்காரன் காலத்துல இந்தப் படை தொடங்கின நாள் அக்கா. இப்போ வீரர்களுக்கு நாம மரியாதை செய்யற நாள்.”

“எம்புள்ளயும் அந்தப் படையிலதான் கீறான் சார். வடக்க பிளேன் ரிப்பேர் பாக்குறான். உனுக்கு மரியாதை பண்ற நாளாச்சே, வூட்டுக்கு வாடான்னேன். அன்னிக்கித்தாம்மா வேலை ஜாஸ்தின்றான். அவன் பொண்ணு காதுகுத்து ரெண்டாவது தபா தள்ளிப் போவுது.”

என் பிரசங்கம் அத்தோடு முடிகிறது. விமானம் திரும்பி வருகிறது. அக்கா அண்ணாந்துகூடப் பார்க்காமல் இட்லித் தட்டில் மாவு ஊற்றுகிறார். தேசத்தின் சார்பில் நான்தான் அவர் மகனுக்கு மரியாதை செய்கிறேன்: விறைப்பாக ஒரு சல்யூட், பெஞ்சுக்கு அடியிலிருந்து.