அப்பாவின் காது மிஷின்

அப்பா இறந்த அன்று, எடப்பாடியில் எங்கள் வீட்டு வாசலில் அவரை ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தோம். என் கையிலிருந்த அவருடைய கைபேசி அடித்தது. துபாயிலிருந்து வர முடியாத தம்பி. எடுத்தேன், சத்தமே இல்லை, ஆனால் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. திரையைப் பார்த்தேன். அப்பா போட்டிருந்த காது மிஷினோடு புளூடூத் இணைந்திருந்தது. அதைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

கண்ணாடி மூடியில் காதை வைத்தேன். உள்ளே கொசு முனகுவதுபோலத் தம்பியின் குரல்.

“யாரு சாமி போன்ல?” என்றார் அத்தை.

“தம்பிங்க அத்தை. அப்பாகிட்டப் பேசறான்.”

இணைப்பைத் துண்டிக்க மனம் வரவில்லை.

மாலையில் தம்பி மறுபடி, என் கைபேசிக்குக் கூப்பிட்டான். “அண்ணா, காலையில நாஞ் சொன்னதெல்லாம் கேட்டுச்சுங்களா?”

“கேட்டுச்சு சாமி,” என்றேன்.

என்ன சொன்னான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.